ஆல்புமின் இல்லை

கண்ணாடி பீக்கரில் பிடித்து வைத்த என் கணவரின் சிறுநீர் மேல் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குளியலறை வாசலில் நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி நேரம் கழித்தும் பாதி நுரை அப்படியே இருந்தது.

முதலில் கழிப்பறை கழுவும் திரவத்தின் மேல்தான் பழியைப் போட்டேன். அதனால்தான் பீக்கர். மூன்று முறை வெந்நீரில் அலசி, கடைசியாக ஒரு முறை காய்ச்சி வடித்த நீரிலும் அலசியிருந்தேன். சோப்பு ஒட்டியிருக்க வழியே இல்லை.

வெறும் தண்ணீரைக் குலுக்கினால் வரும் குமிழி உடனே உடைந்துவிடும். முட்டை வெள்ளையை அடித்தால் வரும் குமிழி உடைவதில்லை. புரதம் குமிழியின் தோலில் போய்ப் படர்ந்து அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே நுரை நின்றால் உள்ளே புரதம் இருக்க வேண்டும். சிறுநீரில் புரதம் இருந்தால் சிறுநீரகத்தின் சல்லடை கிழிந்திருக்க வேண்டும். இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் என் இடது கையில் இருந்த காகிதம். "சிறுநீர், ஆல்புமின்: இல்லை." இரண்டு வெவ்வேறு லேப்களில் மூன்று தடவை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நம்பாமல் மருந்துக் கடையில் சோதனைப் பட்டை வாங்கி நானே நனைத்துப் பார்த்தேன். புரதம் இருந்தால் பச்சையாக வேண்டிய கட்டம் எலுமிச்சை மஞ்சளாகவே இருந்தது.

நான் நாமக்கல் பரமத்தி சாலையில் ஒரு கோழித் தீவன ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு பொருளில் புரதம் எவ்வளவு என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வீட்டுக் குளியலறையில் அதை என்னால் சொல்ல முடியவில்லை.

நுரை மட்டும் என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதே காகிதத்தில் கிரியாட்டினின் 4.6 என்று இருந்தது. தசைகள் வேலை செய்யும்போது மிஞ்சும் கழிவு அது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஆளுக்கு ஒன்றைச் சுற்றி நிற்கும். பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டிய இரத்தச் சத்து, ஹீமோகுளோபின், 7.8. இருபதாயிரம் கோழிகள் உள்ள பண்ணையில் ஐம்பது கிலோ தீவன மூட்டையைத் தோளில் போட்டு நடந்த மனிதர், பங்குனி மாதத்திலிருந்து கட்டிலை விட்டு எழவே சுவரைப் பிடித்தார்.

இடுப்பு வலி தைப்பொங்கலுக்குப் பிறகு வந்தது. மூட்டை தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். கந்தவேல், அதாவது என் கணவர், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி நாளைக்கு இரண்டு என்று மூன்று மாதம் விழுங்கினார். உள்ளூர் டாக்டர் அறிக்கையைப் பார்த்ததும் சொன்னார்: "மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்திருக்கு. உடனே நிறுத்துங்க. பதினஞ்சு நாள் கழிச்சு இரத்தம் எடுத்துப் பாப்போம்." அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் காத்திருந்தோம்.

காத்திருந்த நாட்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை.

அவருடைய அக்கா சௌந்திரம் பரமத்தியிலிருந்து வந்தார். வந்ததும் வராததுமாகச் செம்பைப் பார்த்தார்.

"ஏன் ஜோதி, சொம்பு சொம்பாத் தண்ணி ஊத்தறே? எங்கூட்டு மாமனுக்கு ஈரோட்டுல டயாலிசிஸ் பண்றாங்களே, அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல சொட்டு குடுக்கக் கூடாதுன்னு சொல்லீட்டாங்க."

"டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலீங்க, அண்ணி."

"சொல்லுவாரு, காலு வீங்குனப்பொறவு சொல்லுவாரு. ஊருக்கெல்லாம் லேப்புல அளந்து குடுக்கறவதானே நீ? ஊட்டுல அளந்தா வெரலு தேஞ்சு போயிருமா?"

அந்தக் குத்தல் வேலை செய்தது. ஆய்வகத்திலிருந்து ஆயிரம் மில்லி அளவு குழாய் ஒன்றைக் கொண்டுவந்தேன். காலையில் அதில் தண்ணீர் நிரப்பி மூடி வைப்பேன். கஞ்சி, மோர், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதிலிருந்துதான். சித்திரை வெயிலில், தகரக் கூரை ஷெட்டில் நிற்கும் மனிதருக்கு ஒரு லிட்டர். ஒரு நாள்கூட நான் கோட்டைத் தாண்ட விடவில்லை.

சாப்பாட்டை அவரே வெட்டினார். கோழிக்குத் தீவனத்தில் புரதம் மிஞ்சினால் சிறுநீரகம் வீங்கும், உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை படியும். பண்ணைக்காரர்கள் கவுட் என்பார்கள். அப்போது சோயாவைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டுவார்கள்.

"எனக்கும் அதே சீக்குதான், புள்ள. இனி முட்டை வேண்டாம், பருப்பு வேண்டாம்."

"நீங்க என்ன கோழியாங்க?"

"முட்டை போடறதில்ல. மத்தபடி ஒரே தீவனம்தானே." சிரித்தார். சிரிக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

நாள் ஒன்றுக்கு பதினாறாயிரம் முட்டை எடுக்கும் வீட்டில் அவர் மோர்ச்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டார். உதடு காய்ந்தது. நகம் வெளுத்தது. அளவு குழாயில் தண்ணீர் குறைவதை அவர் பார்ப்பதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

பதினைந்தாம் நாள் கிரியாட்டினின் 6.1. ஆல்புமின்: இல்லை.

மாத்திரையை நிறுத்தியாயிற்று, அளவு இறங்க வேண்டும். ஏறுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. என்ன என்று தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்று அவருக்குள் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை வேறொரு லேப்பில் கொடுக்கலாம் என்று சிறுநீர் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் சண்முகப்பிரியா ஒரு சோயா புண்ணாக்கு மாதிரியோடு வந்தாள்.

"அக்கா, இது நாப்பத்தொன்பது பர்சென்ட் புரதம் காட்டுதுங்க. தொட்டுப் பாருங்க, மணலாட்டம் இருக்குது. இதுல நாப்பத்தொன்பதுன்னா நான் உலக அழகி."

"யூரியா கலந்திருப்பான். டி.சி.ஏ. ஊத்திப் பாரு, உலக அழகி."

எங்கள் கருவி புரதத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. மாதிரியை அமிலத்தில் வேகவைத்து, அதில் உள்ள நைட்ரஜனை எண்ணுகிறது. புரதத்தில் நைட்ரஜன் இருப்பதால் அந்த எண்ணை வைத்துப் புரதத்தைக் கணக்கிடுகிறோம். யூரியாவிலும் நைட்ரஜன் உண்டு. ஒரு கைப்பிடி யூரியா கலந்தால் கருவி ஏமாந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் டி.சி.ஏ. என்ற அமிலம். உண்மையான புரதம் எதுவானாலும் அதில் தயிர்போலத் திரிந்து கீழே விழும். யூரியா கரைந்தபடியே இருக்கும்.

இதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கருவி பொய் சொல்வதில்லை, நாம் எதைக் கேட்டோமோ அதற்குத்தான் பதில் சொல்கிறது என்று சொல்வேன். அன்றைக்கும் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் நின்றுவிட்டேன்.

"ஆல்புமின்: இல்லை." அந்தக் காகிதம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது?

ஆல்புமின் என்பது ஒரு புரதம். இரத்தத்தில் மிக அதிகமாக இருப்பது. சல்லடை கிழிந்தால் பெரும்பாலும் அதுதான் ஒழுகும். பட்டையில் உள்ள சாயம் ஆல்புமினைத் தொட்டால் நிறம் மாறும். மற்றப் புரதங்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. இதுவரை வந்த எல்லா அறிக்கையும் சரி. ஆல்புமின் இல்லை. புரதம் இல்லை என்று யாருமே சொல்லவில்லை.

பையிலிருந்து புட்டியை எடுத்தேன். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி ஊற்றி, டி.சி.ஏ.யைச் சொட்டினேன். மூன்றாவது சொட்டில் குழாய் வெளுத்தது. ஐந்தாவது சொட்டில் அந்தப் பக்கம் இருந்த என் விரல் தெரியவில்லை.

"பால் ஊத்துனீங்களாக்கா?" என்றாள் சண்முகப்பிரியா.

நுரை சொன்னது உண்மை. அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு கணக்குக்கு விடை கிடைத்தால் வரும் சந்தோஷம். அடுத்த நொடியே அது போய்விட்டது. ஆல்புமின் இல்லையென்றால் இது எது?

கல்லூரியில் படித்த உயிர் வேதியியல் பாடத்தில் ஒரு பத்தி நினைவிருந்தது. முட்டைக்கு நேர்மாறாக நடக்கும் ஒரு புரதம். முட்டை வெள்ளை சூட்டில் ஒரு முறை உறைந்தால் உறைந்ததுதான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் திரும்பக் கரையாது. அந்தப் புரதமோ மிதமான சூட்டில் உறைந்து, கொதியில் கரைந்து, ஆறும்போது மறுபடி உறையும். தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. அந்தப் பத்தியின் கடைசி வரியும் நினைவிருந்தது. அது நினைவில்லாததுபோல் நடந்துகொண்டேன்.

இன்னொரு குழாயில் சிறுநீரை ஊற்றி, கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, வெந்நீர்த் தொட்டியில் வெப்பமானியோடு நிறுத்தினேன். நாற்பது டிகிரி: தெளிவு. நாற்பத்தெட்டு: அடியில் புகைபோல ஏதோ. ஐம்பத்தாறு: குழாய் முழுக்க வெள்ளைத் திரி.

முட்டைபோலவே இருக்கிறது, இதோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். குழாயை எடுத்துச் சூடான தட்டின் மேல் கொதிக்கும் நீரில் இறக்கினேன்.

வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்தது. கொதி ஏற ஏற, குழாய்க்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த நாட்காட்டியின் எண்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. பிறகு தெளிவாகத் தெரிந்தன.

"அக்கா, வெந்தது எப்படிக்கா வேகாமப் போகும்?"

குழாயை வெளியே எடுத்து மேசை மேல் தாங்கியில் வைத்தேன். ஆறட்டும் என்று காத்திருந்தோம். குழாய் மறுபடி வெளுத்து, பின்னால் இருந்த நாட்காட்டியின் எண்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

பத்தியின் கடைசி வரி இதுதான்: எலும்பு மச்சையில் புற்றுநோய் உள்ளவர்களின் சிறுநீரில் இந்தப் புரதம் காணப்படும்.

வீட்டுக்குப் போனபோது அவர் ஷெட்டில் தண்ணீர்க் குழாயின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். "சேலத்துக்குப் போலாங்க. இப்பவே" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "எதுக்கு இவ்வளவு வெசனப்படறே? நாளைக்குத் தீவன லாரி வருது. இறக்கீட்டுப் போலாம்."

"லாரி நின்னுட்டுப் போகட்டும். எனக்குப் பயமா இருக்குதுங்க."

திருமணமாகி இத்தனை ஆண்டில் நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வந்தார்.

சேலத்தில் சிறுநீரக மருத்துவர் சத்யபிரியா என் கதை முழுவதையும் கேட்டார். நான் துணியில் சுற்றிக் கொண்டுபோன குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்தச் சோதனையை நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். இப்ப யாரும் பண்றதில்லைங்க" என்றார். சிரிக்கவில்லை. அன்றே வார்டில் சேர்த்து, இரத்தமும் சிறுநீரும் எடுத்தார். மறுநாள் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மச்சையும் எடுத்தார்கள். ஊசி இறங்கும்போது என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விட்டபோது ஐந்து விரலும் பதிந்திருந்தது.

முதலில் வந்தது இரத்தப் புரத அறிக்கை. அந்தச் சோதனை எளிது. இரத்தத்தின் புரதங்களைக் கூழ் தடவிய தகட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொன்றும் தன் எடைக்கும் மின்னேற்றத்துக்கும் தக்கபடி ஓடி வெவ்வேறு இடத்தில் நிற்கும். நோய் எதிர்ப்புப் பொருள் செய்யும் மச்சைச் செல்களில் ஒன்று புற்றாகிப் பெருகினால், எல்லாம் ஒரே பொருளைச் செய்யும். அது ஒரே இடத்தில் குவிந்து கோபுரம்போல எழும்பும். அவருடைய வரைபடத்தில் கோபுரம் இல்லை. தாழ்வான மேடுகள் மட்டும்.

"அப்ப ஒண்ணுமில்லீங்களா?" என்று கட்டிலில் நிமிர்ந்தார் என் கணவர். "லாரிக்காரன் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டானுங்க."

எனக்கும் அந்த ஆசை வந்தது. பத்து நொடி அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இருங்க" என்றார் டாக்டர். "இந்த எதிர்ப்புப் பொருள்ல அஞ்சு வகை இருக்கு. வழக்கமா ஜி, ஏ, எம் மூணைத்தான் தனித்தனியாத் தேடுவாங்க. மூணும் இல்லைன்னு வந்திருக்கு. ஆனா அதோட துண்டு ஒண்ணு மட்டும் தெரியுது. டி-யையும் ஈ-யையும் தேடச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

மறுபடியும் அதே. கேட்காததற்குப் பதில் வரவில்லை.

நான்கு நாள் ஆனது. கிரியாட்டினின் 6.8. முதல் நாள் ஒன்றேகால் லிட்டர் வந்த சிறுநீர் மூன்றாம் நாள் தொள்ளாயிரம் மில்லிதான் வந்தது. வார்டு ஜாடியில் நான்தான் அளந்தேன். அளப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் மோட்டார் அறைச் சாவி எங்கே இருக்கிறது, எந்த ஷெட்டுக் கோழியை எப்போது விற்றுக் கழிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

"இதெல்லாம் இப்ப எதுக்குங்க?"

"தெரிஞ்சு வச்சுக்கோ, புள்ள. சும்மாதான்."

சும்மா இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுத்து என் எழுத்தாக இல்லை.

நான்காம் நாள் காலை டாக்டர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மல்டிபிள் மைலோமா என்ற மச்சைப் புற்றுநோய். அதிலும் அரிதான டி வகை. நூறு மைலோமாக்காரர்களில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. இரத்தத்தில் கோபுரம் பெரும்பாலும் தெரியாது. சிறுநீரகத்தைத்தான் முதலில் அடிக்கும்.

பயம் தாங்க முடியாத நேரத்தில் நான் எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "அது எப்படிங்க அடிக்குது?"

டாக்டர் அறிக்கையின் பின்பக்கம் ஒரு வளைந்த குழாயை வரைந்தார். "ஒரு எதிர்ப்புப் பொருள்ல ரெண்டு கனமான சங்கிலி, ரெண்டு இலேசான சங்கிலி. இந்தச் செல்லுங்க இலேசான சங்கிலியைத் தேவைக்கு மேல செஞ்சு தள்ளுது. அது சின்னது. சல்லடை கிழியாமலே உள்ள புகுந்துடும். குழாய்ல ஏற்கெனவே ஒரு பசை மாதிரிப் புரதம் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா மெழுகு மாதிரி இறுகி அடைச்சுக்கும். ஆயிரக்கணக்கான குழாய், ஒவ்வொண்ணா."

"வலி மாத்திரையால இல்லீங்களா?" என்றார் என் கணவர்.

"அது அடைப்பை வேகப்படுத்திச்சு. இடுப்பு வலியே எலும்புல இருந்த இந்த நோயாலதான்."

நான் வாயைத் திறந்தேன். "தண்ணிங்க, டாக்டர். ஒரு லிட்டர்தான் குடுத்தேன். பதினஞ்சு நாள். அளவு குழாய்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. "தண்ணி குறைஞ்சு சிறுநீர் கெட்டியாகும்போது இது சீக்கிரம் இறுகும். ஆமாங்க, அதுவும் சேர்ந்திருக்கும். டயாலிசிஸ் பண்றவங்களுக்குச் சிறுநீர் வராது, அதனால தண்ணிக்கு அளவு. இவருக்கு வருது."

கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னார்: "என்ற அக்கா சொன்னதுங்க. நான்தான் முட்டையையும் விட்டுப்போட்டேன். கோழிக்கு வைத்தியம் பண்ற ஊட்டுல வேற எப்படி நடக்கும்?"

"அடைப்பு நீங்குமாங்க?" என்று கேட்டேன்.

"சிலருக்கு நீங்கும். சிலருக்கு டயாலிசிஸ் நிரந்தரமாயிடும். இப்ப என்னால சொல்ல முடியாது. ஆனா என்ன செய்யணும்னு தெரியும்." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார். "சங்கிலி செய்யற செல்லை நிறுத்தணும். அதுக்கு போர்ட்டிசோமிப்னு ஒரு ஊசி, வாரத்துக்கு ரெண்டு, தோலுக்கடியில. கூடவே ஸ்டீராய்டு மாத்திரை, இன்னிக்கே. கால் வீக்கம் இல்லை, நெஞ்சுல நீர் இல்லை. அதனால குடிக்கறதும் ட்ரிப்ஸும் சேர்த்து நாளைக்கு மூணு லிட்டர். வலிக்கு அந்த மாத்திரை இனி எப்பவுமே கூடாது. முட்டை சாப்பிடலாம். இரத்தத்துல யூரியாவும் பொட்டாசியமும் ஏறினா, டயாலிசிஸ் பண்ணி நேரம் வாங்கிக்குவோம். ஒவ்வொரு வாரமும் இரத்தத்துல அந்த இலேசான சங்கிலியை மட்டும் தனியா அளப்போம். அது இறங்கினா ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"பட்டையில பாத்தா தெரியாதுங்களா?"

"தெரியாது. பட்டை ஆல்புமினைத்தான் பார்க்கும்."

முதல் ஊசி பகல் பன்னிரண்டு மணிக்கு, தொப்புளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். நர்ஸ் சிறுநீர் அளக்கும் ஜாடியைக் கொண்டுவந்தார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஆயிரம் மில்லி அளவு குழாயைப் பையிலிருந்து எடுத்து, கோடு வரை தண்ணீர் நிரப்பி, என் கணவர் கையில் கொடுத்தேன். இன்றைக்கு இதுபோல இரண்டு குழாய் அவர் குடிக்க வேண்டும்; மூன்றாவது லிட்டர் ட்ரிப்ஸில் ஏறிக்கொண்டிருந்தது.